உள்ளே எத்தனை, வெளியே எத்தனை: கென்டக்கி பீப்பாய்களுக்கு நடுவே

வியாழன், லூயிவில்

வண்டி ஓட்டுவது என் மனைவியின் தம்பி. சின்சினாட்டியில் வேலை பார்க்கிறான். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவன். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து விஸ்கி வடிசாலைகளைச் சுற்றிவர இதைவிடப் பொருத்தமான சாரதி அமைய மாட்டான். "நீங்க க்ளாஸப் பாருங்க அத்தான், நான் ரோட்டப் பாக்கேன்" என்று கிளம்பும்போதே வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டான்.

எனக்கு இந்தப் பயணத்தில் வேண்டியது பீப்பாயில் இருந்த வீரியத்திலேயே, தண்ணீர் கலக்காமல் புட்டியில் அடைத்த பர்பன், அதாவது பெரும்பாலும் மக்காச்சோளத்தில் வடிக்கும் அமெரிக்க விஸ்கி. கூடவே வயதும் வேண்டும். 40 சதவீதத்தில் விற்கிற சாதாரண வகைகள் நம்மூர் விமான நிலையக் கடையிலேயே கிடைக்கும். அதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

புரூஃப் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அடிக்கடி வரும். அமெரிக்கக் கணக்கு எளிது: சாராய சதவீதத்தை இரண்டால் பெருக்கினால் புரூஃப். 50 சதவீதம் என்றால் 100 புரூஃப். நம் ஊர் குவார்ட்டரில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அது பழைய பிரிட்டிஷ் கணக்கில் 75 டிகிரி, ஏனென்றால் அங்கே 100 டிகிரி என்பது 57.1 சதவீதம். வெள்ளைக்காரன் போனாலும் அவன் அளவுகோல் டாஸ்மாக் அலமாரியில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அதே குவார்ட்டர் அமெரிக்காவில் 85.6 புரூஃப் ஆகிவிடும். எண் மாறுமே தவிர போதை மாறாது.

லூயிவில்லில் மெயின் தெரு. ஒரு காலத்தில் விஸ்கி வியாபாரிகள் வரிசையாக அலுவலகம் வைத்திருந்த இடம், ஓகையோ ஆற்றுக்கு மிக அருகில். 1920இல் மதுவிலக்கு வந்து எல்லாம் அடங்கிப்போன தெருவில் இப்போது மறுபடியும் வடிசாலைகள். ஓல்ட் ஃபாரெஸ்டர் 2018இல் இங்கே திரும்பி வந்தது. 1870இல் தொடங்கிய நிறுவனம். விஸ்கியைக் குடத்திலும் பீப்பாயிலும் ஊற்றி விற்ற காலத்தில், மூடி முத்திரையிட்ட புட்டியில் மட்டுமே விற்போம் என்று கிளம்பியவர்கள்.

நான் இங்கே வந்தது பீப்பாய் செய்வதைப் பார்க்க. வளைத்த ஓக் பலகைகளை இரும்பு வளையத்தில் பிணைத்து நிறுத்தி, உள்ளே தீயை ஏவுகிறார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது, உள்பக்கம் முழுக்கக் கரி. ஆழமாகக் கருக்கினால் மரம் முதலைத் தோல்போல வெடித்து நிற்கும், தொழிலில் இருப்பவர்களும் அதை முதலைக் கரி என்றே அழைக்கிறார்கள். கரிக்குக் கீழே சூட்டில் மரத்தின் சர்க்கரை உருகிப் பாகாகிச் சிவந்த ஒரு படலம் உண்டு. பர்பனின் நிறம், வெனிலா வாசம், இனிப்பு மூன்றும் பெரும்பாலும் அங்கிருந்து வருபவைதான். வேறு எதையும் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்காது. மாவுக்கலவையில் மக்காச்சோளம் குறைந்தது 51 சதவீதம், கருக்கிய புது ஓக் பீப்பாய், பீப்பாயில் ஊற்றும்போது 125 புரூஃபுக்கு மேல் போகக்கூடாது. நிறமோ சுவையூட்டியோ சேர்த்தால் அது பர்பன் இல்லை.

ஒரு முறை பயன்படுத்திய பீப்பாய் பர்பனுக்கு மறுபடி ஆகாது. அது ஸ்காட்லாந்துக்கும், பெங்களூரு சிங்கிள் மால்ட்டுக்கும் போய்விடும். கென்டக்கிக்காரன் முதல் டிகாக்ஷனை எடுத்துக்கொள்கிறான், மற்றவர்களுக்கு இரண்டாவது.

முடிவில் 1920 என்று பெயரிட்ட ஓல்ட் ஃபாரெஸ்டரைக் கொடுத்தார்கள். 115 புரூஃப். 100 புரூஃபில் பீப்பாய்க்குள் போன விஸ்கி, கிடங்கில் கிடந்து 115 ஆகி வெளியே வந்த மதுவிலக்குக் காலச் சரக்கைப்போல ஆக்கியிருக்கிறோம் என்பது ஆலையின் விளக்கம். கருகிய சர்க்கரை, செர்ரி, நடுவில் நல்ல காரம். எனக்குப் பிடித்தது. அதைவிட அந்த விளக்கம் பிடித்தது. உள்ளே போகும்போது எத்தனை, வெளியே வரும்போது எத்தனை? இனி எல்லா இடத்திலும் இதைத்தான் கேட்கப் போகிறேன்.

வெள்ளி, பார்ட்ஸ்டவுன்

லூயிவில்லுக்குத் தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் பார்ட்ஸ்டவுன். ஊருக்குள் நுழையுமுன் மேட்டில் கிடங்குகள் தெரிகின்றன. ஏழு மாடி உயரம், மரச்சட்டம், வெளியே தகரம், சின்னச் சின்ன ஜன்னல். சுவரெல்லாம் கறுப்பு. அருகில் நிற்கும் மரம், வேலி, சாலைப் பலகை எல்லாவற்றிலும் அதே கறுப்பு.

"தீப்பிடிச்ச கட்டடமா அத்தான்?"

தீ இல்லை, பூஞ்சை. பீப்பாயிலிருந்து கசியும் சாராய ஆவியைத் தின்று வளரும் பாடோயினியா என்ற இனம். கிடங்கு பக்கத்தில் வீடு கட்டியவர்கள் இதன் பெயரில் வழக்கே போட்டிருக்கிறார்கள். ஆனால் தீ என்று அவன் சொன்னதும் பொய் இல்லை. 1996 நவம்பர் 7ஆம் தேதி இதே ஊரில் ஹெவன் ஹில் ஆலையின் ஏழு கிடங்குகள் எரிந்தன. சுமார் 90,000 பீப்பாய். எரிகிற விஸ்கி மேட்டிலிருந்து ஆறாக இறங்கி ஓடியது. வடிக்கும் கூடமும் போயிற்று. போட்டி நிறுவனங்கள் தங்கள் ஆலையில் வடித்துக்கொள்ள இடம் கொடுத்துக் கைதூக்கிவிட்டன. 1999இல் லூயிவில்லில் பெர்ன்ஹைம் ஆலையை வாங்கி அங்கே வடிக்கத் தொடங்கினார்கள். இன்று நான் குடிக்கப்போவது அந்த ஆலையில் வடித்து, கிடங்கில் முதிர்ந்த சரக்கு.

கிடங்குக்குள் நுழைந்ததும் ஓக், ஈரமண், வெனிலா. கீழ்த்தளம் குளிர்ச்சி. கோடையில் மேல்தளம் உலைக்களம், உள்ளே வேலை செய்வது தண்டனை என்றார் அழைத்துப் போனவர். எல்லாமே இந்த உயர வித்தியாசத்தில்தான் இருக்கிறது. வெயிலில் விஸ்கி விரிந்து மரத்துக்குள் புகும், குளிரில் சுருங்கித் திரும்பி வரும். கூடவே ஆவியாகும். உலர்ந்த, சூடான மேல்தளத்தில் சாராயத்தைவிடத் தண்ணீர் வேகமாக வெளியேறும், அதனால் வீரியம் ஏறும். ஈரமும் குளிர்ச்சியுமான அடித்தளத்தில் சாராயம் அதிகம் போகும், வீரியம் இறங்கும். ஸ்காட்லாந்தில் வயது ஏற ஏற விஸ்கி மெலிவதும், கென்டக்கியில் முறுக்கேறுவதும் இதனால்தான்.

ஆவியாகிப் போவதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். ஆண்டுக்கு 4 சதவீதம் என்று வைத்தாலும் 13 ஆண்டில் 40 சதவீதத்துக்கு மேல் போய்விடும். நம் ஊர் முனியாண்டிகூட ஒரு சுருட்டோடும் ஒரு புட்டியோடும் திருப்தி அடைகிறார்.

சாயங்காலம் ஊருக்குள் ஒரு பாரில் உட்கார்ந்தோம். கென்டக்கியில் 2018 முதல் தனியார் கையில் இருக்கும் பழைய புட்டிகளைக் கடைகளும் பார்களும் வாங்கி விற்கச் சட்டம் அனுமதிக்கிறது. அதனால் தீர்ந்துபோன பதிப்புகள்கூட இங்கே கண்ணில் படுகின்றன. என் கண்ணில் பட்டது எலைஜா கிரெய்க் பேரல் புரூஃப், சி923.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. எலைஜா கிரெய்க் 18ஆம் நூற்றாண்டு பாப்டிஸ்ட் போதகர். பீப்பாயை முதலில் கருக்கியவர் அவர்தான் என்று கதை சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. போதகர் பெயரில் சாராயம் விற்க ஒரு கதை தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பதிப்பு எண்ணுக்கு ஒழுங்கான அர்த்தம் உண்டு: சி என்றால் அந்த ஆண்டின் மூன்றாவது வெளியீடு, 9 செப்டம்பர், 23 ஆண்டு. 133 புரூஃப், அதாவது 66.5 சதவீதம். வயது 13 ஆண்டு 7 மாதம். இந்த வரிசை நெடுங்காலம் 12 ஆண்டு என்ற ஒரே வயதோடு வந்துகொண்டிருந்தது. 2023இல்தான் பதிப்புக்குப் பதிப்பு வயதை மாற்றி அச்சிடத் தொடங்கினார்கள்.

ஹெவன் ஹில் பீப்பாயில் ஊற்றுவது 125 புரூஃபில், சட்டத்தின் உச்சவரம்பில். உள்ளே 62.5, வெளியே 66.5. நாலு புள்ளிதான் ஏறியிருக்கிறது. ஆனால் அந்த நாலு புள்ளி ஏற, பீப்பாயில் பாதியை ஒட்டிக் காலியாகியிருக்கும். மிச்சம் இருப்பதில் மரத்தின் சாரம் அந்த அளவுக்குச் சுண்டியிருக்கும்.

45 மில்லி, வெறும் கிளாஸில். ஊற்றினதும் மூக்கைக் கொண்டுபோகக் கூடாது, இந்த வீரியத்தில் மூக்கு மரத்துவிடும். கால் மணி நேரம் அப்படியே வைத்தேன். மச்சினன் அதற்குள் ஒரு தட்டு வறுத்த கெளுத்தியை முடித்துவிட்டான்.

நிறம் நல்ல செம்மண் பழுப்பு. வாசனையில் முதலில் பாகு, பாகு என்றால் சீனிப்பாகு இல்லை, உடன்குடிக் கருப்பட்டியை அடுப்பில் வைத்து அடிபிடிக்குமுன் இறக்கின வாசம். அதற்குப் பின்னால் வெனிலா, கிராம்பு, காய்ந்த ஆரஞ்சுத் தோல். ஆழத்தில் சர்க்கரை சேராத கொக்கோ. வாயைக் கொஞ்சம் திறந்தபடி முகர்ந்தால் இவ்வளவும் கிடைக்கும், மூடிக்கொண்டு முகர்ந்தால் ஸ்பிரிட் நெடி மட்டும்தான்.

முதல் மிடறு பயிற்சிக்கு. நாக்கு பழகட்டும் என்று அரைத் தேக்கரண்டி அளவு எடுத்து வாய் முழுக்க உருட்டி விழுங்கினேன். இரண்டாவதில்தான் விஷயம் வந்தது. இனிப்பு முதலில், அடர்த்தியாக, எண்ணெய்ப் பதத்தில். நடு நாக்குக்கு வந்ததும் பட்டையின் காரம் விரிகிறது. விழுங்கின பின் நெஞ்சுக்குள் ஒரு சூடு இறங்கி நிற்கிறது. கென்டக்கிக்காரர்கள் அதைக் கட்டியணைப்பு என்கிறார்கள். 66.5 சதவீதத்துக்கு இது எரிச்சல் குறைவு என்று சத்தியம் செய்வேன். வீரியம் வேறு, எரிச்சல் வேறு. 42.8இல் தொண்டையை ராவுகிற சரக்கு எத்தனை பார்த்திருக்கிறோம்! கடைசியில் மரத்தின் துவர்ப்பு, பால் விடாத கட்டித் தேநீரின் அளவுக்கு, நெடுநேரம்.

பிறகு தண்ணீர். பார்க்காரர் சிறு ஸ்ட்ரா கொடுத்தார். பத்துப் பதினைந்து சொட்டு விட்டதும் வாசனை திறந்துகொண்டது. கருப்பட்டி பின்னுக்குப் போய் வறுத்த முந்திரியும் வேகவைத்த ஆப்பிளும் முன்னுக்கு வந்தன. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பரிசோதனை என்று வந்தபின் இன்னொரு 45 மில்லி வாங்கி, அதில் 15 மில்லி தண்ணீரை முழுசாக ஊற்றினேன். ஏறக்குறைய 50 சதவீதம் ஆகியிருக்கும். இனிப்பு உடைந்து துவர்ப்பு மேலே வந்துவிட்டது. பலகையைக் கடித்த ருசி. வீரியமும் இனிப்பும் மறைத்து வைத்திருந்த மரம் முழுசாக வெளிப்பட்டது. இந்தச் சரக்குக்குத் தண்ணீர் சொட்டுக் கணக்கில்தான். ஐஸ் போடுகிறவர்கள் போடலாம். குளிர வைத்து வடிகட்டாத விஸ்கி என்பதால் கலங்கும், பயப்பட ஒன்றுமில்லை. எனக்கு வேண்டாம்.

என் தீர்ப்பு: மிக நல்ல விஸ்கி, ஆனால் விளிம்பில் நிற்கிறது. இன்னும் இரண்டு ஆண்டு கிடந்திருந்தால் மரம் ஜெயித்திருக்கும். ஸ்காட்லாந்து பழக்கத்தில் 18, 25 என்று வயதைப் பார்த்துக் காசு கொடுப்பவர்கள், புது மரமும் இந்த வெயிலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை யோசிக்கலாம்.

"இவ்வளவு நேரம் மோந்து பாத்துக் குடிக்கணும்னா இதுக்குப் பேசாம ரசமே வச்சிருக்கலாம்" என்றான் மச்சினன்.

சனி, லொரெட்டோ, பிறகு லாரன்ஸ்பர்க்

காலையில் மேக்கர்ஸ் மார்க். சிவப்பு மெழுகில் முக்கின புட்டி, கறுப்புக் கட்டடங்களுக்குச் சிவப்பு ஜன்னல் கதவு, அழகான தோட்டம். சுற்றுலாக் கூட்டம் அதிகம். ரை தானியத்துக்குப் பதில் கோதுமை போடுவதால் காரம் குறைவு. பீப்பாயில் ஊற்றுவது 110 புரூஃபில்.

2013 பிப்ரவரியில் இவர்கள் கையிருப்பு போதவில்லை என்று 90 புரூஃபை 84 ஆக்கப்போவதாக அறிவித்தார்கள். குடிக்கிறவர்கள் கொதித்துப்போய் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடிவைத் திரும்பப் பெறவைத்தார்கள். மூன்று சதவீதத் தண்ணீருக்காக ஒரு போராட்டம். இந்த ஜனங்களை எனக்குப் பிடித்திருக்கிறது.

முக்கியமான விஷயம் மலையைக் குடைந்து கட்டின சுண்ணாம்புக்கல் நிலவறை. நீண்ட காலம் இவர்கள் வயதான விஸ்கியே வெளியிடவில்லை, மரக் கசப்பு ஏறிவிடும் என்பதுதான் காரணம். 2023இல் வந்த செல்லார் ஏஜ்ட் என்ற பர்பனில் அதற்கு வழி கண்டார்கள்: வழக்கமான கிடங்கில் சுமார் ஆறு ஆண்டு, பிறகு ஆண்டு முழுக்கக் குளிர்ந்திருக்கும் இந்த நிலவறையில் மீதி. முதல் பதிப்பு 11, 12 ஆண்டு விஸ்கிகளின் கலவை, 115.7 புரூஃப். ஒரு சிறு அளவு கிடைத்தது. துவர்ப்பே இல்லை. வெண்ணெய், தேன், உலர்ந்த அத்தி. நேற்றைய விஸ்கிக்கு ஒன்றிரண்டு வயது மட்டுமே இளையது என்று நம்ப முடியவில்லை. வயதை எண்ணில் கேட்பதோடு எந்த இடத்தில் கழித்தது என்றும் கேட்க வேண்டும். ஆனால் விலை 150 டாலரைச் சுற்றி. நேர்த்தி இருக்கிறது, நேற்றைய முரட்டுத்தனத்தைத்தான் காணோம். அதற்கு ஏங்கினேன்.

மதியம் வடகிழக்கே லாரன்ஸ்பர்க். கென்டக்கி ஆற்றின் மேல் செங்குத்துப் பாறை, பாறை மேல் வைல்ட் டர்க்கி ஆலை. எதிரே கைவிடப்பட்ட பழைய ரயில் பாலம். ஜிம்மி ரஸ்ஸல் இங்கே 1954இல் வேலைக்குச் சேர்ந்தவர். மகன் எடி 1981இல் சேர்ந்தார். நாற்பது ஆண்டு வேலை பார்த்த மகனை இன்னும் புதுசாக வந்த பையன் என்று கிண்டல் செய்வாராம் அப்பா. நம் ஊர்ப் பட்டறைகளில் கேட்ட பேச்சுதான்.

1962 வரை பீப்பாயில் ஊற்றும் உச்சவரம்பு 110 புரூஃப். அதன்பின் 125 ஆக்கினார்கள். கூடுதல் வீரியத்தில் ஊற்றினால் பீப்பாய் எண்ணிக்கை குறையும், கடைசியில் தண்ணீர் கலந்து பெருக்கிக்கொள்ளலாம். கணக்குப்பிள்ளைக்கு லாபம். வைல்ட் டர்க்கி வெகுகாலம் 107இல் நின்றது, இப்போது 115. அவர்களுடைய ரேர் ப்ரீட் 116.8 புரூஃப். உள்ளே 57.5, வெளியே 58.4. அதாவது சராசரியாக அநேகமாக ஒன்றுமே மாறவில்லை! மேல்தளத்தில் ஏறியதும் அடித்தளத்தில் இறங்கியதும் கலந்து சமனாகியிருக்கிறது. பீப்பாயில் தொடக்கத்திலேயே தண்ணீர் கூடுதலாக இருந்ததால், அந்தத் தண்ணீரும் ஆண்டுக்கணக்கில் மரத்தோடு ஊறியிருக்கிறது. புட்டியில் அடைக்கும்போது குழாயிலிருந்து வந்த தண்ணீர் இல்லை.

வயது 6, 8, 12 ஆண்டுகளின் கலவை என்று சொல்லி விற்றார்கள். ருசியில் தேன், மிளகு, பழைய தோல் வாசம், ஆரஞ்சு. முடிவில் புகையிலையின் லேசான நெடி. சி923 அளவுக்கு ஆழமில்லை. ஆனால் தண்ணீரை எவ்வளவு விட்டாலும் உடையவில்லை, 45 சதவீதத்துக்கு இறக்கியும் பார்த்தேன், உருவம் குலையாமல் நின்றது. விலை நேற்றையதைவிட மிகக் குறைவு. நாளை மறுநாள் என்று தள்ளிப்போடாமல் அங்கேயே ஒன்று வாங்கினேன்.

ஞாயிறு, பிராங்க்ஃபர்ட்

மாநிலத் தலைநகர், சின்ன ஊர். பஃபலோ டிரேஸ் ஆலையைச் சுற்றிப்பார்க்கக் கட்டணம் கிடையாது. கென்டக்கி ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. 2025 ஏப்ரலில் அது பெருக்கெடுத்து ஆலைக்குள்ளேயே வந்துவிட்டது. 2006இல் ஒரு புயல் 19ஆம் நூற்றாண்டுக் கிடங்கு ஒன்றின் கூரையைப் பிய்த்து, மாதக்கணக்கில் பீப்பாய்களை வெயிலில் போட்டது. அந்தச் சரக்கையும் பின்னால் தனிப் பெயரில் விற்றுக் காசாக்கினார்கள். வியாபாரம் தெரிந்தவர்கள்.

அந்தப் புட்டியில் இருக்கும் பெயர் எட்மண்ட் ஹேன்ஸ் டெய்லர். 1897இல் வந்த பாட்டில்ட் இன் பாண்ட் சட்டத்துக்காக மல்லுக்கட்டியவர். ஒரே ஆலை, ஒரே பருவம், குறைந்தது நாலு ஆண்டு, சரியாக 100 புரூஃப் என்று அரசாங்கமே உத்தரவாதம் தரும் ஏற்பாடு. அன்றைக்கு வெறும் சாராயத்தில் புகையிலைச் சாறும் வேறு கண்றாவிகளும் கலந்து விஸ்கி என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். கலப்படத்துக்கு நாடு வித்தியாசம் கிடையாது.

இங்கேதான் ஜார்ஜ் டி ஸ்டாக் என்ற பர்பன் பிறக்கிறது. பொதுவாக 15 ஆண்டுக்கு மேல், தண்ணீர் கலக்காதது, இலையுதிர் காலத்தில் மட்டும் வரும். 2007 பதிப்பு 144.8 புரூஃப், 72.4 சதவீதம். கடைகளில் குலுக்கல் முறையில்தான் கிடைக்கும், வெளியே வாங்கினால் அச்சிட்ட விலையைப்போலப் பல மடங்கு. நான் தேடவில்லை. 70 சதவீதத்துக்கு மேல் உள்ள சாராயத்தை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது. தீப்பற்றும் சரக்குப் பட்டியலில் போய்விடும். பர்பன் பைத்தியங்கள் 140 புரூஃப் தாண்டிய பதிப்புகளுக்கு ஹாஸ்மாட் (ஆபத்தான சரக்கு) என்றே செல்லப்பெயர் வைத்துத் தேடி அலைகிறார்கள். எனக்கு அந்தப் போட்டியில் ருசி இல்லை. 66.5க்கே தண்ணீர்ச் சொட்டு தேவைப்பட்டது.

சின்சினாட்டி திரும்பும் வழியில் பெட்டிக் கணக்கு. இந்தியாவுக்குள் வரியில்லாமல் ஒருவர் கொண்டுபோக அனுமதி இரண்டு லிட்டர். அமெரிக்கப் புட்டி 750 மில்லி, ஆக இரண்டு. 2025 பிப்ரவரியில் பர்பன் இறக்குமதி வரியை 150இலிருந்து 100 சதவீதமாகக் குறைத்தார்கள். அப்படிக் குறைத்தும் பீப்பாய் வீரியச் சரக்கு நம் கடை அலமாரிக்கு வந்துசேரும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. ஒரு புட்டி ரேர் ப்ரீட். இன்னொன்று எலைஜா கிரெய்க் பேரல் புரூஃபின் இப்போது கடையில் இருக்கும் பதிப்பு, சி923 இல்லை, 70 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கிறது என்று லேபிளை இருமுறை பார்த்துக்கொண்டேன்.

"மிச்சம் அரை லிட்டர் இருக்குல்லா அத்தான், அதுல அக்காவுக்கு மேப்பிள் சிரப் வச்சிரலாம்" என்றான். சுங்க அனுமதி அப்படி வேலை செய்யாது மாப்ள என்று சொல்லியும் சிரப் டப்பா பெட்டிக்குள் போய்விட்டது.